ஏழாம் மாடத்திலிருந்து விழுந்த கட்டெறும்பு

முன்னொரு காலத்தில் சேந்தன் என்றொரு ராஜா வெண்ணாவல் தேசத்தை ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாகத் தன் காதில் யார் ஓதினார்களோ, அவர்கள் சொன்னதே அவனுக்கு வேதம்.

ஒரு நாள் தளபதி வயிரவேலன் ஓதினான். "மகாராஜா, அயல்நாட்டுத் தூதர்கள் வரப்போகிறார்கள். அரண்மனையில் குள்ளர்கள் நடமாடினால் நம்மை மதிப்பார்களா? என் தோளுயரம் இல்லாத சேவகர்களை அனுப்பிவிடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

தளபதி குறிவைத்தது பூந்தோட்டச் சேவகன் மாசாணத்தைத்தான். தன்னைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் இளவரசி எழினி அவனைக் கண்டால் மட்டும் சிரிக்கிறாளே என்ற வயிற்றெரிச்சல்.

மாசாணம் தளபதியின் இடுப்புயரம்தான். வேலை போனால் போகட்டும் என்று அவன் இருந்திருப்பான். ஆனால் ஆறு வயது எழினிக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. அவன் தோளைப் பிடித்துத்தான் அவள் நடை பழகினாள். மற்றவர்கள் தோள் அவளுக்கு எட்டாது, தூக்கிக்கொண்டு போவார்கள். தூக்கிக்கொண்டே திரிந்தால் பிள்ளை என்றைக்கு நடப்பது? அதை நினைத்துத்தான் அவன் வாய் திறக்கத் துணிந்தான்.

அவையில் போய் நின்றான். "தளபதியாரே, சிறியவனால் ஆகாதது எது?"

"சிறியது செய்வதையெல்லாம் பெரியது அதைவிட நன்றாகச் செய்யும். பிறகு சிறியது எதற்கு?"

"என்னைவிடச் சிறியவன் ஒருவனை அழைத்து வருகிறேன். அவன் செய்வதை நீங்களும் செய்துவிட்டால் நான் போய்விடுகிறேன்."

"என் மீசைமேல் ஆணை" என்றான் தளபதி. வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர், சரி என்றான்.

மறுநாள் முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்தார்கள். மாசாணம் மூச்சு வாங்க ஏழாம் மாடம் ஏறி, இலை மடிப்பிலிருந்து ஒரு கட்டெறும்பை எடுத்துக் கீழே விட்டான். எறும்பு துணியில் விழுந்து அசையாமல் கிடந்தது. மேலே மாசாணம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். பிறகு அது மீசையை ஆட்டிவிட்டு விறுவிறுவென்று ஓடிப்போனது.

"தளபதியாரே, ஏறி வாருங்கள். இடம் விட்டு நிற்கிறேன்."

அண்ணாந்து பார்த்த தளபதிக்கு வியர்த்தது. "அது பொடி உடம்பு, அடிபடவில்லை. நான் விழுந்தால் எலும்பு மிஞ்சுமா?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன் ஐயா. சிறியதாக இருப்பதாலேயே ஆகிற காரியமும் உண்டு."

தளபதி தலை கவிழ்ந்தான். ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, "என்ன பரிசு வேண்டும், கேள்" என்றான்.

"இன்று ஒரு வேளை என் வேலையை நீங்கள் பாருங்கள் மகாராஜா. அது போதும்."

தோட்டத்தில் ராஜா மகள் பக்கத்தில் போய் நின்றான். அவள் நீட்டிய கை அவன் இடைக்கச்சைக்குத்தான் எட்டியது.

"குனியுங்கப்பா."

குனிந்தான்.

"இன்னும்."

ராஜா கிரீடத்தைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு மண்டியிட்டான். தோளில் பிஞ்சுக் கை விழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் அது எவ்வளவு அழுத்துகிறது என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. அப்படியே முழங்காலால் நகர்ந்து நாவல் மரம்வரை அவளை நடத்திக்கொண்டு போனான். தூரத்தில் நின்ற மாசாணம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்பா, நாளைக்கு மாசாணம் மாமா வருவாங்களா?"

"வருவார் தாயி" என்றான் ராஜா. "அவர் வராவிட்டால் உன் அப்பனுக்கு முழங்கால் தாங்காது."