நகத்தில் மண்

"இன்னைக்கே கணவாயைத் தாண்டிடறேன், சாமி. உத்தரவு குடுங்க."

கேட்ட வீரபாகுவுக்கு ஐம்பத்து நான்கு வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

"என்ன அவசரம்?"

"அந்தப் பக்கத்து ஊர்ல எங்க அண்ணன் சாகக் கிடக்கார். என் பேரைச் சொல்லிக் கேட்டாராம். ஆட்டுக்காரன் வந்து சொன்னான்."

"அவன் எப்ப வந்தான்?"

"இந்தப் புதுப்பனி விழறதுக்கு முன்னாடி."

குரு கணவாய்க்கு ஏறும் சரிவைப் பார்த்தார். ஐப்பசியில் விழுந்த முதல் பனி உருகாமல் அடியில் கிடந்தது. அதன்மேல் மூன்று நாளாகக் காற்றோடு பெய்த பனி. இப்போது நல்ல வெயில்.

"முழங்கால் அளவுதான் சாமி. தை மாசம் ஆள் உயரம் கிடக்கறப்பவே போறாங்க."

குரு மண்வெட்டியை எடுத்து நீட்டினார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கணவாய்க்குப் போகிறவர் சரிவின் ஓரத்தில் தரை தெரியும்வரை தோண்டி, மண்ணோடு ஒட்டிய அடிப்பனியைக் கையாலேயே ஒரு பிடி சுரண்டிவந்து காட்ட வேண்டும். உருண்டையாக நின்றால் போகலாம். சர்க்கரைபோல உதிர்ந்தால், மேலே உள்ள பனிக்குப் பிடிமானமே இல்லை. ஓர் ஆள் மிதித்தால் சரிவே கிளம்பிவிடும்.

வீரபாகு சீக்கிரமே திரும்பினார்.

"பாருங்க, கொழுக்கட்டை மாதிரி நிக்குது."

குரு பனியைப் பார்க்கவில்லை. அவருடைய விரல்களைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடி இங்க சடையன்னு ஒருத்தர் இருந்தார். இதே மாதிரி பனிக்கால ஆரம்பம். இதே மாதிரி ஒரு உருண்டை. நகத்துல மண் இல்லை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போய்ட்டு வாங்கன்னேன்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான். வயசுல பெரியவர். எல்லார் முன்னாடியும் பொய்யின்னு சொல்லக் கூச்சமா இருந்தது."



"அப்புறம்?"

"பனி உருகினப்புறம், வைகாசியில உடம்பு கிடைச்சது."

வீரபாகு உருண்டையைக் கீழே போட்டார். மண்வெட்டியோடு மறுபடி போனார்.

இந்த முறை வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது பத்து நகங்களிலும் மண். மூடிய கையைத் திறந்தார். பனி விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது இறுக எத்தனை நாள் ஆகும்?"

"தெரியாது. பத்து நாள் ஆகலாம். குளிர்காலம் பூராவும் ஆகலாம்."

"அண்ணன் அதுவரைக்கும் தாங்க மாட்டார்."

"ஆமா."



"ஒரே ஒரு வார்த்தை சாமி. எங்களுக்குள்ள சண்டை வந்த அன்னைக்கு முதல்ல கை ஓங்கினது நான்தான், அவர் இல்லைன்னு அவர்கிட்டயே ஒத்துக்கணும். ஊர்ல எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லிட்டேன்."

"எப்ப நடந்தது?"

வீரபாகு கணவாயைப் பார்த்தார். வெயிலில் கண் கூசியது. அதன்மேல் ஒரு காலடிகூட இல்லை.

"ஒன்பது வருஷம் ஆச்சு," என்றார்.

பிறகு தன் நகங்களைப் பார்த்தார்.

"ஒன்பது கோடை, சாமி. பாதை திறந்துதான் கிடந்தது."