ஒற்றைத் தட்டுத் தராசு

முன்னொரு காலத்தில், அரசருக்குக் காலையில் வரும் ஆசை மாலைக்குள் சட்டமாகிவிடும் காலத்தில், செண்பகவர்மர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அந்த நாட்டில் ஊரார் ஆண்டுதோறும் ஓலை போடுவார்கள். ராஜா பக்கத்து ஆட்களுக்கு ஒரு குடம், அவரைக் கேள்வி கேட்கும் எதிர்ப்பக்கத்து ஆட்களுக்கு ஒரு குடம். விழுந்த ஓலைக்கு ஏற்பச் சபையில் ஆசனம். மந்திரி பூவராகர் ஒருநாள், இரண்டாவது குடத்தை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இனி அரசருக்கு எதிர்ப்பக்கம் என்று அரண்மனையில் எதுவுமே இருக்கக் கூடாது என்று முரசறைந்தார்கள்.

அந்த ஆண்டும் ஓலை போடுவது குறையில்லாமல் நடந்தது. குடம்தான் ஒன்று. தம் ஆட்கள் அமோகமாக ஜெயித்ததற்காக மந்திரி வாணவேடிக்கை வேறு நடத்தினார்.

அப்புறம் யார் தடுப்பது? ஏரியை வற்றவைத்து அங்கே பூங்கா போட வேண்டும் என்றார் ராஜா. சபை முழுக்கத் தலையாட்டியது.

ஏரித் தண்ணீரை நம்பிக் கீரை போட்டுப் பிழைப்பவள் மாரக்காள். அவள் அரண்மனை விகடகவி கொண்டலப்பனிடம் வந்து நின்றாள்.

"நானும் வெயில்ல நின்னு ஓலை போட்டேன் சாமி. இருக்கறது ஒரே குடம். போட்டா என்ன, போடாட்டி என்ன? ராசா பொறந்தநாள் முடிஞ்சதும் மதகைத் தொறந்துடுவாங்களாம். என் பாத்தியெல்லாம் கருகிப்போயிடும்."

கொண்டலப்பனுக்கு ராஜா மேல் கோபம் வந்தது. ராஜா என்றால் அவனுக்கு உயிர். அதனாலேயே கோபமும் அதிகம்.

பிறந்தநாளன்று துலாபாரம். தராசின் ஒரு தட்டில் ராஜா உட்காருவார், மறு தட்டில் எடைக்கு எடை வெல்லம் வைத்து ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். தராசு கட்டும் பொறுப்பைக் கொண்டலப்பன் தலையில் கட்டியவர் பூவராகர்தான். விழா ஏற்பாட்டில் எதுவும் புதுச் சட்டத்திலிருந்து இம்மி பிசகினாலும் நாடு கடத்தல் என்று நிபந்தனையும் போட்டார். ராஜா அவனோடு சிரித்துப் பேசுவது அவருக்கு நெடுநாளாகவே ஆகவில்லை.

ராஜா பட்டு உடுத்தி வந்து தட்டில் உட்கார்ந்தார். மறுமுனையை இழுத்துக் கட்டியிருந்த வாழைநார் அறுந்து, தட்டு தொப்பென்று தரையில் விழுந்தது. மறுமுனையை மறைத்திருந்த தோரணத்தை விலக்கிப் பார்த்தால் அங்கே தட்டே இல்லை.

கொண்டலப்பனைப் பிடித்துக் கட்டச் சொன்னார் பூவராகர். ராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எதிர்த்தட்டு எங்கே என்று கேட்டார்.

"மகாராஜா, தங்களுக்கு எதிர்ப்பக்கம் எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். அடியேன் எப்படி மீறுவேன்?" என்றான் கொண்டலப்பன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அது தங்களைக் கீழே தள்ளிவிடும் என்று பயந்தோம், பிரபு. தங்களை உயரத்தில் நிறுத்தி வைத்திருந்ததே அதுதான்."

ராஜா தரையில் உட்கார்ந்தபடியே மந்திரியைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மதகைத் தொடக் கூடாது என்று அங்கேயே ஆணையிட்டார். இரண்டு குடங்கள் வைத்து மறுபடி ஓலை போடச் சொன்னார். ஊரார் எதிர்ப்பக்கத்துக்கு மாரக்காளையே அனுப்பி வைத்தார்கள்.

சபை கூடிய முதல் நாள், கொண்டலப்பனுக்குப் பத்து ஊர்கள் பரிசு என்று அறிவித்தார் ராஜா. அவனுக்கு முகமெல்லாம் பல்.

மாரக்காள் எழுந்தாள். "பத்து ரொம்ப அதிகம் மகாராசா. ஒண்ணு போதும். அதையும் அந்த ஊர்க்காரங்களைக் கேட்டுட்டுக் குடுங்க."

கொண்டலப்பன் திருதிருவென்று விழித்தான். ராஜாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் ஒரே ஊரைத்தான் வாங்கிக்கொண்டு போனான். சந்தோஷமாகத்தான் போனான்.