உப்பளக்காரி சொன்ன மூன்று அர்த்தம்

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்து ஊரில் செல்லக்கனி என்று ஒருத்தி இருந்தாள். எழுத்து தெரியாது. ஊர் வேதக்கோயிலில் நற்கருணை அப்பம் வாங்க வேண்டுமென்றால் வேதப் பரீட்சையில் தேற வேண்டும். பரீட்சை நடத்தும் பண்டிதர் குணபூஷணம் இரண்டு வருஷமாக அவள் பெயரை அடித்துக்கொண்டே வந்தார்.

மூன்றாம் வருஷம், எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன பண்டிதர் பத்து மணிக்கு வந்து இறங்கினார். எல்லாரும் பசியோடு காத்திருக்க, அவருக்கு மட்டும் இட்லியும் மீன்குழம்பும் வந்தன. சாப்பிட்டு ஏப்பம் விட்டவர் முதலில் செல்லக்கனியைத்தான் எழுப்பினார்.

"நீதி, இரக்கம், கிருபை. மூன்றுக்கும் வித்தியாசம் சொல். வேதத்தின் மூலபாஷை படித்தவர்களே திணறுகிற கேள்வி. தெரியாவிட்டால் வீட்டுக்குப் போ."

"தெரியும் ஐயா, கோவிச்சுக்கிடாதிய," என்றாள் அவள். "ரெண்டு மணி நேரம் பிந்தி வந்தவுகளை வெயில்ல நிறுத்தி வச்சா, அது நீதி. ஒண்ணும் சொல்லாம உள்ள விட்டா, இரக்கம். உக்கார வச்சு மீன்குழம்பும் ஊத்தினா, அதுதான் கிருபை."

கோயிலே குலுங்கிச் சிரித்தது. பண்டிதருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் எப்படிப் பார்த்தும் பதிலில் தப்பு அகப்படவில்லை. தேறியவர்கள் பட்டியலில் அவள் பெயரை எழுதினார். எழுதியும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"உன்னைத் தேற்றிவிட்டேனே, இது கிருபைதானே?" என்றார்.

"இல்லைய்யா," என்றாள் செல்லக்கனி. "சரியாச் சொன்னவளைத் தேத்துறது நீதி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் நற்கருணை வாங்கினாள்.