சுவருக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவே

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கடைகள். ஒரு பெரியவர் உயிரோடு இருந்தவரை அது அவருடைய ஒரே பலசரக்குக் கடை. அவர் போனதும் அவருடைய இரண்டு மகன்களும் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவன் தன் செலவில் நடுவே சுவர் எழுப்பினான். கிழக்குப் பாதியில் அவன் பெண்டாட்டி ராசகனி ரவிக்கை தைக்கிறாள். மேற்குப் பாதி இளையவனுக்கு. அவன் லாரியோடு வடக்கே போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. அவன் மனைவி தங்கபுஷ்பம் கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பீடி சுற்றினாள். புகையிலைத் தூளில் பிள்ளைக்கு இருமல் நிற்கவே இல்லை. ஒரு நாள் பீடித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் பாதியில் காபிக் கடை போடுவது என்று முடிவு செய்தாள். அந்தக் கடை ஓடாவிட்டால் மறுபடி பீடித் தட்டுதான்.

ராசகனி தெருவே கேட்கும்படி சொன்னாள். “இவ போடுற காபிக்குப் பயந்துதான் இவ புருஷன் லாரியிலேயே கிடக்கான். இப்போ ஊருக்கே ஊத்தப் போறாளாம்.”

“நீங்க தைக்கிற ரவிக்கையைப் போட்டுக்கிட்டு யாராலயாவது கையைத் தூக்க முடியுதான்னு பாருங்கக்கா” என்றாள் தங்கபுஷ்பம்.

அன்றிலிருந்து ஒருத்தி வாசலை ஒருத்தி மிதிப்பதில்லை.

கடை கட்டும் வேலை சுடலையாண்டிக் கொத்தனாருக்கு வந்தது. அடுப்பு அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கு மூலையில் இருக்க வேண்டும் என்று தங்கபுஷ்பம் சொல்லிவிட்டாள். அந்த மூலையோ நடுச்சுவரை ஒட்டியது. மேடையைச் சுவரோடு சேர்த்துப் பூசலாம் என்று கொத்தனார் சாந்து குழைக்கும்போது, தெருவில் நின்று ராசகனி கத்தினாள்.

“வேய், அது எங்க சுவரு. ஒரு கரண்டி சாந்து அதுல ஒட்டுச்சு, கையை ஒடிச்சிருவேன்!”

கொத்தனார் அவள் கடைக்கே போனார். “யம்மா, சுவரு அடியில ஒரு ஓட்டை இருக்கு. பழைய கடையைக் கழுவிவிட்ட தண்ணி போன வழி. அதை மட்டுமாவது அந்தப் பக்கம் அடைச்சிருதேன்.”

“ஓட்டையை அடைக்கேன்னு சொல்லிச் சுவத்தை அவளுக்கு எழுதிக் கொடுக்கவா வந்தீரு? போம்வே வெளியே.”

கொத்தனாருக்கு முகம் கறுத்துவிட்டது. திரும்பி வந்து, சுவரில் படாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு மேடையைக் கட்டினார். அந்த இடைவெளியின் முன்பக்கத்தைச் செங்கல் வைத்து அடைத்தார். ஓட்டை இருந்த இடத்தில் முதலில் சிமெண்ட் மூட்டை கிடந்தது, பிறகு மேடை மறைத்துக்கொண்டது. தங்கபுஷ்பம் அதைப் பார்க்கவே இல்லை. இடைவெளி மட்டும் அவள் கண்ணில் பட்டது.

“என்ன கொத்தனாரே, மேடை தள்ளி நிக்கி? வேலை தெரியாட்டி முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

“உங்கக்கா உத்தரவு தாயி” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பால் காய்ச்சும் நாள் வந்தது. எங்கள் பக்கம் பால் பொங்கி கிழக்கே வழிந்தால் கடை தழைக்கும் என்பார்கள். தங்கபுஷ்பம் பெரிய பானையில் கழுத்துவரை பால் ஊற்றினாள். கிழக்கே வழிய வேண்டுமென்று, பானை அந்தப் பக்கம் சாயும்படி அதன் மேற்குப் பக்கத்து அடியில் ஒரு ஓட்டுச் சில்லை அண்டக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தது கொத்தனார்தான். கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

பால் பொங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். கிழக்கே வழிந்த பால் அப்படியே அந்த இடைவெளிக்குள் இறங்கியது.

குலவை அடங்குவதற்குள் அடுத்த கடையிலிருந்து ஓர் அலறல். சுவரோரம் பாயில் ராசகனி விரித்து வைத்திருந்த கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை பாலில் ஊறி, அரக்குச் சாயம் ஜரிகையெல்லாம் பரவிக் கிடந்தது. மறுநாள் முகூர்த்தம்.

சண்டைக்குப் பிறகு அன்றுதான் ராசகனி முதன்முதலாகத் தங்கபுஷ்பத்தின் வாசலை மிதித்தாள். வந்ததும் கொத்தனாரின் கடப்பாரையைத் தூக்கினாள்.

“சுவத்து ஓட்டை வழியா வேணும்னே பாலை விட்டிருக்கா! இந்த அடுப்பை இடிக்காம நான் வெளியே போக மாட்டேன்!”

தங்கபுஷ்பம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றாள். “இடிங்க. முதல்ல என்னை இடிங்க. ஓட்டைச் சுவத்தை வச்சுக்கிட்டு என் மேல பழி போடுதீங்களா?”

கொத்தனார் துண்டை உதறித் தோளில் போட்டார். “அந்தம்மா தொடாதேன்னாங்க, தொடல. இந்தம்மா சில்லு வைன்னாங்க, வச்சேன். என் மேல என்ன தப்பு?”

கூடியிருந்தவர்களும் மூன்றாகப் பிரிந்து பேசினார்கள். கடப்பாரை இன்னும் ராசகனி கையில்தான் இருக்கிறது. இப்போது நீங்கள் சொல்லுங்கள். சுவரைத் தொடாதே என்றவளா, பாலைப் பொங்க விட்டவளா, சொன்னதை மட்டும் செய்தவரா, அந்த ரவிக்கைக்கு இவர்களில் யார் பதில் சொல்ல வேண்டும்?

விடை: கொத்தனார்தான். ராசகனிக்கு ஓட்டை தெரியும், மேடைக்குப் பின்னால் இடைவெளி இருப்பது தெரியாது. தங்கபுஷ்பத்துக்கு இடைவெளி தெரியும், ஓட்டை தெரியாது. இரண்டும் தெரிந்தவர் அவர் ஒருவரே. பால் எந்தப் பக்கம் வழியும் என்பதும் அவருக்குத் தெரியும். திட்டு வாங்கிய கோபத்தில் வாயை மூடிக்கொண்டு, நடப்பது நடக்கட்டும் என்று நின்றார். சொன்னதைச் செய்தேன் என்பது அவர் கைக்குச் சரி, வாய்க்குச் சரியாகாது. ஆகவே அடுப்பு இருக்கட்டும், ரவிக்கைக்கு அவர் பட்டு வாங்கித் தரட்டும் என்று கூட்டத்தில் தீர்ப்பாயிற்று. தருகிறேன் என்று போனவர் பொழுது சாய்ந்தும் வரவில்லை. ஓரகத்திகள் இரண்டு பேரும் சேர்ந்தே அவர் வீட்டு வாசலுக்குப் போய் நின்று, ஒரே குரலில் சண்டை போட்டுப் பட்டுத் துணியை வாங்கினார்கள். திரும்பும்போது தெருவின் இந்த ஓரத்தில் ஒருத்தி, அந்த ஓரத்தில் ஒருத்தி.