ஒன்பது வாசல் தாண்டிய பாயசம்

வெள்ளாற்றூர்ச் சமஸ்தானத்தில் ஒரு வருஷம் பாயசத்துக்குப் பஞ்சம் வந்தது. மழை பெய்தது, பலா காய்த்தது, வெல்லம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. மகாராசாவின் இலைக்கு மட்டும் பாயசம் வந்து சேரவில்லை.

மகாராசா இராசகம்பீரர் நல்லவர். மத்தியானச் சாப்பாட்டில் பலாச்சுளைப் பாயசம் இருந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தண்டனை கிடையாது. மடைப்பள்ளியில் அதைக் காய்ச்சுகிறவள் உலகம்மை. தினமும் ஓர் உருளி நிறைய அனுப்புவாள். ஒருநாள் உருளி நாலு விரல் குறைவாக வந்தது. மந்திரி திருமலைக்கொழுந்து உடனே வழியில் ஓர் அதிகாரியைக் காவல் போட்டார். உள்ளே இருப்பது பாயசம்தானா என்று அவர் ஒரு கரண்டி சுவைத்துப் பார்த்து, ஓலையில் கையொப்பம் போடவேண்டும் என்று சட்டமும் எழுதி, அதில் மகாராசாவின் முத்திரையையும் வாங்கிவிட்டார்.

மறுநாள் உருளி இன்னும் குறைந்தது. அந்த அதிகாரியைக் கண்காணிக்க இன்னொருவர் வந்தார். இருவரையும் மேற்பார்வையிட மூன்றாமவர் வந்தார். மந்திரிக்கு மைத்துனர்கள் நிறைய. ஆடி பிறப்பதற்குள் மடைப்பள்ளியிலிருந்து சாப்பாட்டுக்கூடம் வரையுள்ள ஒன்பது வாசலிலும் ஒன்பது அதிகாரிகள் நின்றார்கள்.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, உருளிக்குள் கரண்டியை விட்டால் அடி உரசுகிற சத்தம்தான் வந்தது. சமையற்காரிதான் குறைத்து அனுப்புகிறாள் என்று மந்திரி சாதித்தார். வெள்ளிக்கிழமைக்குள் திருடன் அகப்படாவிட்டால் உலகம்மையை நாட்டு எல்லைக்கு அப்பால் விட்டுவிடுவதென்று உத்தரவாயிற்று.

அப்போது சபையில் அரண்மனைப் புலவரான காளத்திப் புலவர் எழுந்து, திருடனைத் தாம் கண்டுபிடிப்பதாகச் சொன்னார். சபை சிரித்தது. புலவருக்குப் பன்னிரண்டு வருஷமாக வயிற்றுவலி. கஞ்சியும் உப்பு நார்த்தங்காயும் தவிர எதுவும் ஆகாது. பாயசத்தின் நிறம்கூட அவருக்கு மறந்துபோயிருந்தது. ஆனால் அந்தக் கஞ்சியைப் பன்னிரண்டு வருஷமும் பதம் மாறாமல் வைத்துக் கொடுத்தவள் உலகம்மை. அவள் போனால் பின்னாலேயே தம் உயிரும் போகும் என்பது அவருக்கு நிச்சயம்.

புதன்கிழமை இருவரும் உருளிக்குப் பின்னாலேயே நடந்தார்கள். பொருத்தமில்லாத ஜோடி. புலவர் வாசலுக்கு வாசல் நின்று சட்டத்தை வரி வரியாக வாசித்துக் கேள்வி கேட்டார். உலகம்மை ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வோர் அதிகாரியும் ஒரே ஒரு கரண்டி எடுத்தார், கண்ணை மூடிக் குடித்தார், கையொப்பம் போட்டார். ஒருவரிடமும் குற்றமில்லை. ஒன்பதாம் வாசலில் புலவர் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

“ஓலையையே பாத்துக்கிட்டிருக்கீங்களே, புலவரையா,” என்றாள் உலகம்மை. “கரண்டியைப் பாத்தீங்களா?”

புலவர் திரும்பிப் போய்ப் பார்த்தார். முதல் வாசலில் இருந்தது நெய்க்கரண்டி. நாலாம் வாசலில் குழம்புக் கரண்டி. ஒன்பதாம் வாசல் மைத்துனர் கையில் கல்யாண வீட்டில் சாம்பார் ஊற்றுகிற அகப்பை. ஒரு கரண்டி என்றுதான் சட்டம் சொன்னது. எந்தக் கரண்டி என்று சொல்லவில்லை.

திருடன் யாரென்று அவள் கேட்டாள். திருடனே இல்லை, எல்லாரும் சட்டப்படி நடந்த யோக்கியர்கள் என்றார் புலவர். சட்டத்தில் இருப்பது மகாராசாவின் முத்திரை. அதைக் குறைசொன்னால் தலை தங்காது.

உலகம்மை உருளியின் அடியை எட்டிப் பார்த்தாள். “இனிச்சா குடிக்கிறாங்க. கசந்தா குடிப்பாங்களா?”

வெள்ளிக்கிழமை மத்தியானம் உருளி வந்தது. விளிம்பு தளும்பத் தளும்ப வந்தது. பின்னாலேயே ஒன்பது அதிகாரிகளும் கரண்டியும் கையுமாக வந்து நின்றார்கள். மகாராசாவின் முகம் மலர்ந்தது. மந்திரி தமது நிர்வாகத் திறமையைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். புலவர் ஒன்பது ஓலைகளையும் உரக்க வாசித்தார். ஒன்பதிலும் ஒரே வாசகம்: ‘ஒரு கரண்டி சுவைத்தோம். இனிப்புச் சரி.’

மகாராசா ஆசையாக ஒரு கிண்ணம் நிறைய வாங்கி வாயில் ஊற்றிக்கொண்டார். அடுத்த கணம் அவர் முகம் போன போக்கைச் சபை பார்த்தும் பார்க்காதது போல் இருந்தது. அத்தனையும் நிலவேம்புக் கஷாயம்.

விஷம் வைத்துவிட்டாள் என்று மந்திரி அலறினார். உலகம்மை முன்னால் வந்து, மகாராசா குடித்த அதே கிண்ணத்தில் ஊற்றி, தானும் மடக்மடக்கென்று குடித்துக் காட்டினாள்.

“பிழை என்னுடையது, மகாராசா,” என்றார் புலவர். “ஆனால் ஒன்பது பேர் சுவைத்து இனிப்பென்று எழுதியிருக்கிறார்கள். அவர்களை இங்கேயே ஆளுக்கொரு கரண்டி குடிக்கச் சொல்லுங்கள். அவரவர் கரண்டியிலேயே.”

அகப்பைக்காரர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முதல் வாசல்காரர் காலில் விழுந்து உண்மையைச் சொன்னார். நுனிநாக்கில் பட்டதுமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம். கசப்பு என்று எழுதினால் ஏன் கசப்பு என்று விளக்கமும் எழுதவேண்டுமே. அவர் கையொப்பம் இருந்ததால் மற்ற எட்டுப் பேரும் தைரியமாகப் போட்டுவிட்டார்கள்.

மகாராசா கரண்டிகளை வரிசையாகக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அகப்பையைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்பது வாசல் காவலையும் கலைத்தார். நாளை முதல் உலகம்மையே உருளியை நேராகத் தூக்கி வரட்டும் என்றார்.

மந்திரி அப்போதும் விடவில்லை. கைகட்டி, மெல்லக் கனைத்துக்கொண்டு கேட்டார்:

“உத்தரவு, மகாராசா. ஆனால் வழியில் அவள் திருடினால் யார் பார்ப்பது?”

மகாராசா புலவரைப் பார்த்தார். புலவர் சொன்னார்:

“திருடட்டும், மந்திரியாரே. திருடுகிறவள் பயந்து பயந்து ஒரு வாய்தான் எடுப்பாள். உருளியைக் காலிசெய்யக் காவல்காரர்களால்தான் முடியும்.”

மகாராசா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த கசப்பு போய்விட்டது. புலவருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. உலகம்மைக்கு மடைப்பள்ளிச் சாவி கிடைத்தது. மிச்சமிருந்த நிலவேம்பு முழுவதும், மகாராசாவின் முத்திரையோடு, மந்திரியார் வீட்டுக்குப் போயிற்று.