மதகத் தாண்டாத வெளிச்சம்

பக்கிரிசாமி டிராக்டரு பேனட்டு மேல கைய ஊனிக்கிட்டு கத அளக்க ஆரம்பிச்சப்ப காலையில மணி எட்டு. முந்தின நாளுதான் டவுனுக்குப் போயி ஆறு எல்இடி லைட்டு வாங்கி வண்டியில மாட்டியிருந்தாரு. அந்த வெளிச்சத்துல ராத்திரியே தையல்நாயகி வூட்டு வயல்ல சேறடிச்சுத் தர்றதா பேச்சு. விடிஞ்சு அவ போயிப் பாத்தா, வயல்ல ஒரு சக்கரத் தடம்கூட இல்ல. நாத்துக்கு முப்பது நாளாச்சு. இன்னைக்குச் சேறடிக்கலன்னா முத்திப்போயி ஆடுமாட்டுக்குத்தான் போடணும். அவ பாலிடெக்னிக்குல எலக்ட்ரிகல் படிக்கிறவ. வாயத் தொறந்தா எதிராளிக்குத்தான் ஷாக்கு. டிராக்டரு நின்ன வாய்க்கா மதகுக்கு மொபெட்டுல வந்து எறங்குனா, கையில ஸ்பேனரு.

மதகுக் கட்டையில ஒக்காந்திருந்த நாலு பேருக்கிட்ட, அவளப் பாத்தும் பாக்காத மாதிரி, பக்கிரிசாமி ரீலு ஓட்டிக்கிட்டிருந்தாரு. சுவிச்சத் தட்டுனதும் ஊருச் சேவலு அத்தனையும் ஒண்ணாக் கூவிருச்சாம். விடிஞ்சிருச்சுன்னு நூறு கொக்கு வந்து வண்டி பின்னாடியே புழு பொறுக்குச்சாம். எங்கூட்டுச் சேவலு கூவலியேன்னு அந்த நாலு பேருல ஒருத்தரு, மாசிலாமணி, இழுத்தாரு. அதுக்குக் கண்ணு கூசி வாயடைச்சுப் போச்சுன்னு வெடுக்குன்னு பதிலு வந்துச்சு.

அப்புறம் நடவுப் பொம்பளைங்க தூக்குவாளியோட வந்து வரப்புல நின்னாங்களாம், பாதி ராத்திரியில. நெலா எட்டிப் பாத்துட்டு, இன்னைக்கு நமக்கு லீவுன்னு திரும்பிருச்சாம். ரெண்டு மைலுக்கு அந்தாண்ட ஒருத்தரு வயல்ல சோலார் மோட்டரு. அந்த சோலார் தகட்டுல இந்த வெளிச்சம் பட்டு மோட்டரு தானா ஓடி, தண்ணி ரொம்பி, பாவம், மனுசன் கயித்துக் கட்டிலோட மெதந்தாராம்.

"அவ்வளவு வெளிச்சத்துல எங்க வயலு மட்டும் தெரியலையாக்கும், சித்தப்பா?" தையல்நாயகி கேட்டா.

அவரு அசரவே இல்ல. "ஒன் வயலத்தான் புள்ள மொதல்ல அடிச்சேன். சேறு வெண்ண மாதிரி. லைட்டுச் சூட்டுல காஞ்சு பழையபடி ஆயிப்போச்சு. அடிச்ச புல்லுகூட அந்த வெளிச்சத்துல மறுபடி மொளச்சு நிக்கிது, பாத்தியா?"

நாலு பேரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல. நேத்து ராத்திரி மொட்டமாடியில நின்னு அவ பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. வண்டி இந்த மதகுக்கு வந்துச்சு, நின்னுச்சு. எஞ்சின அணைச்சாரு, லைட்ட அணைக்கல. போறவன் வர்றவனுக்கெல்லாம் வேடிக்க காட்டிக்கிட்டே இருந்தாரு. நேரம் ஆக ஆக வெளிச்சம் மஞ்சளாகி, மங்கலாகி, அதுவா அணைஞ்சுது. இப்பக் குனிஞ்சு பாத்தா, ஆறு லைட்டோட ஒயரும் நேரா பேட்டரியில, சார்ஜ் மொத்தத்தையும் குடிச்சிருக்கு.

வண்டிய எடுங்கன்னு சொன்னா அவ. அவரு சாவியத் திருப்புனாரு. டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"அந்த சோலார் தகட்டுல வெளிச்சம் அடிச்சு சார்ஜ் ஏத்திக்கலாம்ல?" மாசிலாமணி மொள்ளக் கேட்டாரு.

தையல்நாயகி ஆறு லைட்டோட ஒயரையும் கழட்டிப் போட்டா. மொபெட்டுல கட்டியாந்த வூட்டு இன்வெர்ட்டர் பேட்டரிய எறக்கி அதுலேருந்து டிராக்டருக்கு ஒயரு குடுத்தா. எஞ்சின் ஒரு உறுமு உறுமி ஓடுச்சு.

பக்கிரிசாமி சீட்டுல ஏறி ஒக்காந்தாரு. வாய் சும்மா இருக்கல. "லைட்டு இல்லாம பகல்ல ஓட்டுனா எனக்கு வரப்பு தெரியாதே புள்ள."

"லைட்டு இருந்தப்ப மட்டும் என்ன தெரிஞ்சுது, இந்த மதகுதான? நான் முன்னாடி போறேன், பின்னாடியே வாங்க."