பதினோராவது வளைவுக் கேமரா

ஒரு மலை ரோட்டுல பதினோராவது வளைவுன்னு ஒண்ணு இருந்துச்சு. அந்த வளைவுல ஒரு மேசை. மேசை மேல ஊறுகா பாட்டிலுங்க, மூடி போட்ட வாளில முறுக்குப் பாக்கெட்டு, ஒரு பழைய பிஸ்கட் டின்னு. பக்கத்துல ஒரு பலகை. ஆள் மட்டும் கெடையாது.

ஆளு விக்டோரியாக்கா. காப்பித் தோட்டத்துல வேலை. காலைல மேசைய அடுக்கி வச்சுட்டு மேல ஏறுச்சுன்னா சாயங்காலம்தான் எறங்கும். அதனால பலகைல நாலு வரி எழுதி வச்சிருந்துச்சு. "வேணுங்கறத எடுங்க. காசை டின்னுல போடுங்க. சில்லறைய நீங்களே எடுத்துக்கங்க. நான் தோட்டத்துக்குப் போயிருக்கேன்."

பலகைக்கு அந்த நாலு வரியத் தவிர வேற பேச்சு தெரியாது. யாரு எதைக் கேட்டாலும் அதுல ஒண்ணை எடுத்து விடும்.

ஏவாரம் நல்லாத்தான் ஓடுச்சு. வர்றவங்க டின்னு மூடியத் தொறப்பாங்க, நோட்டைப் போடுவாங்க, உள்ள கைய விட்டுத் துழாவி மிச்சத்தை எடுப்பாங்க. துழாவுறப்ப டின்னுக்குக் கிச்சுகிச்சு தாங்காது. "ஏய், மெதுவா, மெதுவா"ன்னு கலகலன்னு சிரிக்கும். கையில காசே இல்லாம ஒருத்தரு நாலு கொய்யாப்பழத்தை வச்சுட்டு ஒரு முறுக்கு எடுத்துட்டுப் போனாரு. அக்கா வீட்டு கேஸ் சிலிண்டரு ஓடுறதே இந்த மேசையாலதான்.

ஒரு நாள் ஒரு நெல்லிக்கா ஊறுகா பாட்டிலு போயிருச்சு. அதுக்கான காசு டின்னுல இல்ல.

அக்கா பெருசா எடுத்துக்கல. ஆனா போன்ல பேசயில தம்பி பாஸ்குகிட்ட வாய்விட்டுருச்சு. பாஸ்கு திண்டுக்கல்லுல பூட்டுக்கடை வச்சிருக்கான். பூட்டு விக்கிறவன் கண்ணுக்கு யாருதான் நல்லவனாத் தெரிவான்? திங்கக்கெழம காலைலயே வண்டி கட்டிக்கிட்டு வந்துட்டான்.

"யக்கா, நீ ஒரு ஏமாளிக்கா. வர்றவன் போறவன்லாம் உன் தலைல மொளகா அரைக்கிறான்."

"ஒரு பாட்டிலுதானடா."

"இன்னைக்குப் பாட்டிலு, நாளைக்கு மேசை. இந்தா, கேமரா வாங்கியாந்துருக்கேன். வயரே வேணாமாம், எல்லாம் காத்துலயே போயிருமாம். ரெண்டாயிரத்தைநூறு சொன்னான், பேசி ஆயிரத்தெட்டுநூறுக்கு முடிச்சேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். அப்பவும் ஏவாரம் சரியில்லன்னா மேசைய வண்டில ஏத்திருவேன். கடைல பூட்டு அடுக்க ஆகும்."

அக்கா மேசை ஓரத்தை ஒரு தடவு தடவிட்டு, "சரிடா"ன்னுட்டுத் தோட்டத்துக்குப் போயிருச்சு.

பாஸ்கு மேசைக்குப் பின்னால இருந்த மரத்துல கேமராவ அடிச்சு மாட்டுனான். பாதித் தேங்கா கணக்கா ஒரு கண்ணாடி மூடி, உள்ள ஒரு செவப்பு வெளக்கு. மினுக்கு, மினுக்கு.

வண்டி கெளம்புனதுதான் தாமதம், கேமரா தொண்டையச் செருமிக்கிட்டு இன்ஸ்பெக்டரு கொரல்ல ஆரம்பிச்சுச்சு. "ம்ம்ம். யாருய்யா இங்க இன்சார்ஜு?"

டின்னு பயந்து போய், "நான்தாங்க சார், டின்னு"ன்னுச்சு.

"மூடி ஏன் லூசா இருக்கு?"

"பொறந்ததுலேருந்தே அப்படித்தாங்க சார்."

"இனிமே ஒரு ஈ, எறும்பு நமக்குத் தெரியாம அசையக்கூடாது. எல்லாம் ரெக்காடு ஆகுது. வெளங்குச்சா?"

"நான் தோட்டத்துக்குப் போயிருக்கேன்"ன்னுச்சு பலகை.

"சார், தப்பா நெனைக்காதீங்க, உங்களுக்குள்ள என்னென்ன சார் இருக்கு?"ன்னு நெல்லிக்கா பாட்டிலு ஆசையாக் கேட்டுச்சு.

கேமரா தடுமாறுச்சு. "உள்ளயா? அது... அதெல்லாம் டிப்பார்ட்மென்ட்டு ரகசியம்மா."

உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு நல்லாத் தெரியும். ஒரு வெளக்கு, ஒரு பேட்டரி, ஆடாம இருக்கக் கசக்கி வச்ச பழைய பேப்பரு. அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுகிட்ட பிளாஸ்டிக் வாளி, சீப்பு, சோப்பு டப்பாவோட ஒண்ணா அடுக்கி வச்சிருந்த பொம்மை அது. மத்த சாமான்லாம் என்ன பாக்குதோ அதுதான் அதுக்கும் தெரியும். ரெக்காடாவது, மண்ணாவது. ஆனா மரத்து மேல ஏத்தி வச்சுட்டாங்க. ஏறுனப்புறம் எறங்குறதுக்குக் கூச்சமா இருந்துச்சு.

செவ்வாக்கெழம ஒரு ஸ்கூட்டரு வந்து நின்னுச்சு. புருசன் பொண்டாட்டி. அந்தப் பொண்ணு எலுமிச்ச ஊறுகா பாட்டிலை எடுத்துச்சு. எம்பது ரூவா. அந்தாளு நூறு ரூவா நோட்டைப் போட்டுட்டு மிச்சம் எடுக்க டின்னுக்குள்ள கைய விட்டாரு. டின்னு சிரிக்கத் தயாராச்சு.

"ஏங்க, ஏங்க! கைய வெளிய எடுங்க! மேல பாருங்க, கேமரா!"

"அதுக்கென்ன? நூறு போட்டேன், இருவது எடுக்குறேன்."

"போட்டது அதுக்குத் தெரிஞ்சுச்சோ என்னவோ! எடுக்குறது மட்டும் பதிஞ்சுச்சுன்னா? டவுசர் போட்ட காலத்துலேருந்தே உங்க மூஞ்சிக்குத் திருட்டு முழி வேற. நாளைக்கு ஊரு பூராம் போன்ல ஓடும்."

"என்னடி இப்படிச் சொல்ற?"

"நீங்க நோட்டை எடுங்க மொதல்ல. ஐயோ, அதை எடுத்தாலும் தப்பாத் தெரியுமே! சரி, கேமராவப் பாத்து மெதுவா எடுங்க. சிரிச்ச மொகமா எடுங்க."

அந்தாளு நோட்டைக் கேமராவுக்கு ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டி, கல்யாண போட்டோவுக்குச் சிரிக்கிற மாதிரி சிரிச்சுக்கிட்டே சட்டப் பைல வச்சுக்கிட்டாரு. ஊறுகாய வச்சுட்டுப் போயிட்டாங்க.

"சார், என்ன சார் இது?"ன்னு டின்னு கேட்டுச்சு. "ஒருத்தரும் உள்ள கை விட மாட்டேங்குறாங்களே?"

"அதுதான் ஒழுங்கு"ன்னுச்சு கேமரா. ஆனா கொரல்ல இன்ஸ்பெக்டரு கொஞ்சம் எறங்கி ஏட்டு ஆயிட்டாரு.

புதன்கெழம வந்தவங்க அத்தன பேரும் மேல ஒரு பார்வை, கீழ ஒரு பார்வை, தலைய ஒதுக்கிக்கிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரே ஒரு ஆள் மட்டும் மேல பாத்துச் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே வாளியத் தொறந்து ரெண்டு முறுக்குப் பாக்கெட்டை எடுத்து இடுப்புல சொருகுனான். காசு போடல. கேமராவைப் பாத்துக் கண்ணடிச்சு, "எங்க கடைலயும் உன் தம்பி தொங்குறான்டா, பேட்டரி போயி மூணு மாசமாச்சு"ன்னுட்டுப் போனான்.

கேமரா என்ன செய்யும்? மினுக்கு, மினுக்கு. நல்லவனுக்கும் அதே மினுக்குதான், கெட்டவனுக்கும் அதே மினுக்குதான்.

"சார், புடிங்க சார்!"ன்னு எல்லா பாட்டிலும் கத்துச்சு.

"விசாரணை நடக்குது"ன்னுச்சு கேமரா. அதுக்கே அது சொல்றது கேவலமா இருந்துச்சு.

வியாழக்கெழம மத்தியானம் ஒரு வாழைக்கா வேன் வந்து நின்னுச்சு. ஓட்டிட்டு வந்தவரு பேரு காசிமாயன். அவரைப் பாத்ததுமே நெல்லிக்கா பாட்டிலு துள்ளுச்சு. "இவருதான் சார்! எங்க அக்கா பாட்டிலைத் தூக்கிட்டுப் போனவரு!"

காசிமாயன் போனை சட்டப் பைல வச்சுப் பேசிக்கிட்டே வந்தாரு. கையில ஒரு சீப்பு மலைவாழப்பழம்.

"வந்துட்டேன் ஒச்சு. அந்த மேசைகிட்டத்தான் நிக்கிறேன்."

"மொதல்ல காசைப் போடுய்யா"ன்னு போனுக்குள்ளருந்து பொண்டாட்டி கொரலு. "கடன் ஊறுகாயத் தின்னதுலேருந்து எனக்கு நெஞ்செல்லாம் கரிக்குது."

"மாசமா இருக்குறவளுக்கு நெஞ்சு கரிக்கத்தான் செய்யும். அன்னைக்கு ஐநூறு ரூவா நோட்டுதான் கையில. டின்னுல அதுக்குச் சில்லறை இல்ல. திரும்பி வர்றப்ப போடலாம்னு பாத்தா வேற ரூட்டுல லோடு தள்ளிட்டாங்க. இப்பப் போட்டுர்றேன், பழமும் ஒரு சீப்பு..."

அப்பத்தான் அவரு மேல பாத்தாரு. அப்படியே நின்னுட்டாரு.

"என்னய்யா பேச்சைக் காணோம்?"

"ஒச்சு, கேமரா மாட்டிருக்காங்க. போன வாரம் இல்ல இது." மெதுவா ரெண்டடி பின்னால போனாரு. "எனக்காகத்தான் மாட்டிருக்காங்க. இப்பப் போயிக் காசு போட்டா, எடுத்தவன் நான்தான்னு நானே மூஞ்சியக் காட்டுன மாதிரி ஆயிரும். ஒரு பாட்டிலு ஊறுகாய்க்கு என்னையத் திருடன்னு முடிவு பண்ணிட்டாங்களே!"

"யோவ், போடுய்யா! ஒண்ணும் பதியாதுய்யா!"ன்னு கேமரா கத்துச்சு. மனுசனுக்கு எங்க கேக்கும்? கத்தக் கத்த வெளக்குதான் மினுக்குச்சு. அதைப் பாத்து அவரு இன்னும் ரெண்டடி பின்னால போனாரு.

"ஞாயித்துக்கெழம லோடோட திரும்பவும் இந்தப் பக்கம்தான். அப்ப ஆள் யாராச்சும் இருந்தா பாப்போம். இல்லன்னா விட்டுர்றது"ன்னு சொல்லிக்கிட்டே வேன்ல ஏறிட்டாரு. பழமும் போச்சு, காசும் போச்சு.

யாரைப் புடிக்கக் கேமராவ மாட்டுனாங்களோ, அந்தாளு தானா வந்து நின்னாரு. அவரைத் தொரத்துனது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். ஞாயித்துக்கெழம பாஸ்கு வருவான். மேசை வண்டில ஏறும்.

கேமரா மறுபடி தொண்டையச் செருமுச்சு. இந்தத் தடவை இன்ஸ்பெக்டரும் வரல, ஏட்டும் வரல.

"டின்னு... உள்ள என்ன இருக்குன்னு அன்னைக்கு நெல்லிக்கா பாட்டிலு கேட்டுச்சுல்ல. பழைய பேப்பரு."

"ரகசியப் பேப்பரா சார்?"

"ராசிபலன் பேப்பரு. அதுவும் போன வருசத்துது. எனக்குக் கண்ணும் கெடையாது, ரெக்காடும் கெடையாது. சீப்புக்கும் சோப்பு டப்பாவுக்கும் நடுவுல தொங்கிக்கிட்டிருந்த ஆளு நான். உங்க பாஸ்கு என்னைய நெசம்னு நம்பி வாங்கிட்டு வந்தாரு. அவரு நம்புனாரேன்னு நானும் கொஞ்சம் நம்பிட்டேன்."

டின்னு சிரிச்சுச்சு பாருங்க, மூடி கழண்டு தரைல உருண்டுருச்சு. "நாலு நாளா ஒரு வெறும் டப்பாவையா நான் சாரு சாருன்னேன்?"

"என்ன செய்ய? நீங்களும் டப்பா, நானும் டப்பா. உங்ககிட்டயாவது காசு இருக்கு."

"இப்ப என்ன செய்யிறது?"ன்னு நெல்லிக்கா பாட்டிலு கேட்டுச்சு.

"என்னைய எறக்கணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள."

சனிக்கெழம சாயங்காலம் ஒரு கொரங்கு மரத்துக்கு வந்துச்சு. கேமரா கூப்புட்டுச்சு. "தம்பி, இங்க வா. என்னையப் புடிச்சு இழு."

"போங்க சார்"ன்னு கொரங்கு தள்ளி நின்னுச்சு. "நீங்க படம் புடிப்பீங்க. அப்புறம் வனத்துறைக்காரங்க கூண்டோட வருவாங்க."

"சத்தியமாச் சொல்றேன், உள்ள ஒண்ணுமே இல்லப்பா."

"உள்ள எதையாச்சும் வச்சிருக்குறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

கேமரா யோசிச்சுச்சு. பொய்யச் சொன்னா ஊரே நம்புச்சு, நெசத்தைச் சொன்னா ஒரு கொரங்கு நம்ப மாட்டேங்குது. சரி, நமக்கு வந்த தொழிலையே கடைசியா ஒரு தடவை பாத்துருவோம்னு கொரலத் தாழ்த்தி, "உள்ள கடல மிட்டாய் இருக்கு. யார்கிட்டயும் சொல்லிராத"ன்னுச்சு.

அடுத்த நிமிசம் ஆணி ஒரு பக்கம், கண்ணாடி மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம். கொரங்கு கசங்குன ராசிபலனைப் பிரிச்சுப் பாத்துட்டுக் காறித் துப்பிட்டுப் போயிருச்சு.

ஞாயித்துக்கெழம காலைல அக்காவும் பாஸ்குவும் வந்தாங்க. பாஸ்கு டின்னைக் குலுக்கிப் பாத்தான். பழைய சில்லறை நாலுதான் ஆடுச்சு. "பாத்தியாக்கா? கேமரா போட்டும் ஏவாரம் இல்ல. மேசைய ஏத்துறேன்"ன்னு மேசையோட ரெண்டு காலைத் தூக்குனான்.

அக்கா கீழ கெடந்த கண்ணாடி மூடிய எடுத்துச்சு. பேப்பரை எடுத்துச்சு. பேட்டரிய எடுத்துச்சு. வேற எடுக்க ஒண்ணுமில்ல.

"பாஸ்கு, இதுக்கு எவ்வளவு குடுத்தேன்ன?"

பாஸ்கு மூஞ்சி ஊறுகா தின்ன மாதிரி ஆயிருச்சு. "காத்துலயே போகும்னானேக்கா."

"காத்துலதான்டா போச்சு, உன் ஆயிரத்தெட்டுநூறு. ஏமாளி யாருன்னு சொன்ன?"

அதுக்குள்ள வாழைக்கா வேன் வந்துருச்சு. காசிமாயன் மொதல்ல மரத்தைப் பாத்தாரு. வெறும் மரம். ஆளும் நிக்கிறாங்க. எறங்கி வந்தாரு.

"அக்கா, போன வாரம் ஒரு நெல்லிக்கா பாட்டிலு எடுத்தேன். சில்லறை இல்லாமப் போயிட்டேன். வியாழக்கெழம கூட வந்தேன், கேமராவப் பாத்துப் பயந்துட்டேன். இந்தாங்க, நூறு ரூவா. பழம் உங்களுக்கு."

விக்டோரியாக்கா தம்பியத் திரும்பிப் பாத்துச்சு. பாஸ்கு தூக்குன மேசையச் சத்தமில்லாமக் கீழ வச்சான்.

"என்கிட்ட எதுக்குய்யா குடுக்குற? டின்னுல போடு"ன்னுச்சு அக்கா. இடுப்புச் சுருக்குப் பையத் தொறந்து இருந்த சில்லறைய எல்லாம் அந்தக் கண்ணாடி மூடில கொட்டி டின்னுக்குப் பக்கத்துல வச்சுச்சு. பாதித் தேங்கா கணக்கா அது அம்சமா உக்காந்துருச்சு. "இனிமே மிச்சத்தை இதுலேருந்து எடுத்துக்கங்க. டின்னுக்குள்ள துழாவ வேண்டியதில்ல."

"சில்லறைய நீங்களே எடுத்துக்கங்க"ன்னுச்சு பலகை.

காசிமாயன் எடுத்துக்கிட்டாரு. வேன் போயிருச்சு, பாஸ்கு போயிட்டான், அக்கா வீட்டுக்குப் போயிருச்சு.

டின்னுக்குக் கொஞ்சம் பொறாமைதான். கிச்சுகிச்சு எல்லாம் இனிமே அந்தப் பக்கம், சில்லறைக் கிண்ணமாயிட்ட கேமராவுக்கு. "என்ன சார், இப்பவாச்சும் உள்ள எதுவும் இருக்கா?"ன்னு நக்கலாக் கேட்டுச்சு.

"இருக்கு டின்னு. இப்பத்தான் ஒருத்தரு கைய விட்டு எடுத்துக்கிட்டுப் போனாரு."

"எவ்வளவு எடுத்தாரு சார்?"

"நான் பாக்கல."